எஞ்சினைப் பூட்டியதும் ஓட்டிப் பார்க்க இறங்குதுறைகளில் தொட்டி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் எஞ்சின் நின்று படகு இழுபட்ட செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. யார் போனார்கள், எந்த ஊர், எப்போது கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எஞ்சின் ஏன் நின்றது என்பது மட்டும் இருக்காது. முல்லைத்தீவில் படகு எஞ்சின் திருத்துவதே என் தொழில். ஆகவே விடுபட்ட அந்தப் பகுதியை எழுதும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

என் கொட்டிலுக்கு இறுகிப்போன எஞ்சின்கள் வருகின்றன. பிஸ்டனும் சிலிண்டரும் சூட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, இழுகயிற்றை எவ்வளவு பலமாக இழுத்தாலும் அசையாத எஞ்சின்கள். கடைசியாக எப்போது திருத்தினீர்கள் என்று கேட்டால், "போன கிழமைதான் தண்ணீர்ப் பம்பு பார்த்தோம், அண்ணை" என்ற பதில்தான் அநேகமாக வரும். கவனிக்காமல் விட்ட எஞ்சின்கள் அல்ல இவை. கடன்பட்டுக் காசு கொடுத்துத் திருத்தியவை. பம்புக்குப் புது இறப்பர் போட்டது சரி. போட்ட பிறகு எஞ்சினின் கீழ்ப்பகுதியைத் திரும்பப் பூட்டிய விதம் பிழை. பூட்டிய பின் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பார்க்காமல் கடலுக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிய பிழை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எஞ்சின் நின்றால் துடுப்பு இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் கிழக்குக் கரையில் தொழில் நன்றாக நடப்பது பங்குனிக்குப் பிறகு, கடல் தணிந்திருக்கும் மாதங்களில். அந்த மாதங்களில் வீசும் சோளகமும் கச்சானும் தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்றுகள். கரையோரம் அலை அடங்கியிருப்பதற்குக் காரணமே அதுதான். அதே காற்று, எஞ்சின் இல்லாத படகை வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். வலையும் மீனும் ஏற்றிய பதினெட்டு அடிப் பிளாஸ்டிக் படகை அந்தக் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டுக் கரைசேர்க்க இரண்டு பேரால் முடியாது. கரை மறைந்த பிறகு தொலைபேசிக்கு அலைவரிசையும் கிடைக்காது. மேற்கே, கிளிநொச்சிக் கரையின் நாச்சிக்குடா, வலைப்பாடு, கிராஞ்சிப் பக்கத்தில் ஆபத்து வேறு விதமானது. வாடைக்காற்றில் எஞ்சின் நின்ற படகு தென்மேற்காக, இந்திய எல்லைக் கோட்டின் பக்கம் இழுபடும். உயிர் தப்பியவன் வழக்குக்கு அலைய வேண்டிவரும். 2018 இல் மக்கள் திரும்பிப்போன இரணைதீவிலோ, பழுதான எஞ்சினைத் தரைக்குக் கொண்டுவருவதற்கே இன்னொரு படகு தேவை.

எஞ்சினைக் கிட்ட நின்று பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகு எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கும் தண்ணீரே அதைக் குளிரவைக்கிறது. புரொப்பெல்லருக்கு மேலே, கியர் பெட்டியின் பக்கவாட்டில் சல்லடை வாய் ஒன்று உண்டு. அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும் பம்பு கியர் பெட்டியின் தலையில் இருக்கிறது. பம்புக்குள்ளே இறப்பர் இதழ்கள் கொண்ட சில்லு ஒன்று, எஞ்சின் சுற்றும் தண்டான சாஃப்டோடு சேர்ந்து சுற்றும். அதை இம்பெல்லர் என்கிறோம். அது தள்ளும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக மேலே ஏறி, சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, புகையோடு சேர்ந்து வெளியேறும். அதில் கொஞ்சம் மட்டும் எஞ்சினின் பக்கத்துத் துளையால் பீச்சும். ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளம் அந்தப் பீச்சல்தான்.

இம்பெல்லர் தேய்வதற்கு எங்கள் கரையில் காரணங்களுக்குக் குறைவில்லை. துறைமுகம் இல்லாத கரை. படகை மணலில் தள்ளி, அலை உடையும் இடத்திலேயே எஞ்சினை இழுக்கிறோம். கலங்கிய மணல் நேரே சல்லடைக்குள் போகிறது. நாயாற்று முகத்துவாரத்திலும் கொக்கிளாய் முகத்துவாரத்திலும் தண்ணீர் வற்றிய நாட்களில் இதைவிட மோசம். மேற்குக் கரையில் ஆழம் குறைந்த கடலில் சாதாழை என்ற கடல் தாவரம் வந்து சல்லடையை மூடும். இவற்றோடு, எஞ்சின் வேலை செய்கிறதா என்று கரையிலேயே, தண்ணீர் இல்லாமல் ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. இறப்பர் இதழ்களுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். காய்ந்த பம்பில் அவை கருக நிமிடக்கணக்கு வேண்டியதில்லை. தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விடுங்கள்.

இனிப் பூட்டும் வேலைக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டும். ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான்.

பழைய இம்பெல்லரைக் கழற்றியதும் எறிந்துவிடக் கூடாது. உடைந்த இதழ்களை ஒரு தட்டில் சேர்த்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அது காணாமல் போகவில்லை, மேலே போயிருக்கிறது. குழாயிலோ, சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்திலோ, சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையிலோ இறுகி நிற்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போடுவதில் பயன் இல்லை. பம்பின் அடியில் இருக்கும் உலோகத் தட்டையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இம்பெல்லரைச் சாஃப்டோடு பிணைப்பது அரைவட்ட வடிவான சிறிய உலோகத் துண்டு ஒன்று. கீ என்பார்கள். சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். இம்பெல்லரை மேலிருந்து இறக்கும்போது அது தன் குழியிலிருந்து நழுவி விழுந்துவிடும். விழுந்தது தெரியாமல் மூடினால் சாஃப்ட் சுற்றும், இம்பெல்லர் நிற்கும், ஒரு துளி தண்ணீரும் ஏறாது. குழியில் கொஞ்சம் கிறீஸ் வைத்து அந்தத் துண்டை ஒட்டி வைத்தால் அது அசையாது. இதழ்களுக்குக் கிறீஸ் பூசாதீர்கள், சவர்க்கார நீர் போதும். பிறகு பம்பு மூடியை அழுத்தும்போது சாஃப்டை மேலிருந்து பார்க்கக் கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பிக்கொண்டே அழுத்த வேண்டும். அப்போதுதான் எல்லா இதழ்களும் ஒரே பக்கமாக மடியும்.

மூட்டு ஒழுகாமல் இடையில் வைக்கும் கேஸ்கட் விடயத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் வன்னிக்குள் எஞ்சின் உதிரிப்பாகம் வருவது அரிது. லொறி ரியூப்பிலும் காட்போர்ட் மட்டையிலும் கேஸ்கட் வெட்டித் தொழிலைக் கொண்டு நடத்தினோம். அன்று அது திறமை. அந்தத் திறமையால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. இன்று கடையில் சரியான பொருள் கிடைக்கும்போதும் பழைய கேஸ்கட்டையே துடைத்துப் போடுவது வேறு. 2022 ஓகஸ்டில், எங்கள் எஞ்சின்கள் ஓடும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக ஏறியது. அதற்குப் பிறகு தொழிலாளி எந்தச் செலவைக் குறைக்கலாம் என்றுதான் பார்க்கிறான். இம்பெல்லர் மட்டும் போதும், மற்றவை பழையதே இருக்கட்டும் என்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பம்பின் கேஸ்கட் ஒழுகினால் பம்பு தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். புது இம்பெல்லருக்குக் கொடுத்த காசும் சேர்ந்து வீணாகும்.

எல்லாவற்றிலும் கடினமானது, பம்புக்காகக் கழற்றிய கீழ்ப்பகுதியைத் தூக்கி மேல்பகுதியோடு சேர்ப்பது. மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சாஃப்டின் தலையில் உள்ள பற்கள் மேல் எஞ்சினின் பற்களுக்குள் நுழைய வேண்டும். கியர்க் கம்பி தன் இணைப்பில் பொருந்த வேண்டும். மேலிருந்து இறங்கும் நீர்க்குழாய் பம்பின் வாயில் உள்ள இறப்பர் வளையத்துக்குள் நேராக இறங்க வேண்டும். மூன்றும் உறைக்குள்ளே மறைந்திருக்கின்றன. கடைசி நேரத்தில் கண்ணால் பார்க்க வழியில்லை.

இவற்றில் ஆளைக் கொல்லும் பிழை நீர்க்குழாயில் நடப்பது. அண்மையில் அப்படி ஓர் எஞ்சினைக் கழற்றினேன். குழாயின் முனை வளையத்தின் ஓரத்தில் ஏறி நின்றிருந்தது. வளையத்தின் ஒரு பக்கம் உள்ளே சுருண்டு, குழாயின் விளிம்பு பிறை வடிவில் நசுங்கி, அந்த இடத்தில் செப்பு பளபளத்தது. இம்பெல்லர் புத்தம்புதியது, ஓர் இதழில்கூடக் கீறல் இல்லை. பம்பு தள்ளிய தண்ணீரில் பெரும்பகுதி குழாய்க்கு வெளியே உறைக்குள் கொட்டியிருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பக்கத்துத் துளையில் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது. "வருகிறதுதானே" என்று கடலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். வலை இழுத்து முடித்து, பாரத்தோடு வேகம் கூட்டித் திரும்பும்போது அந்தக் கொஞ்சம் போதவில்லை. எஞ்சின் இறுகியது. இன்னொரு படகு கண்ணில் பட்டதால் இழுத்து வந்தார்கள்.

இந்தப் பிழையைத் தவிர்க்க ஒரு டோர்ச் லைட்டும் பொறுமையும் போதும். தூக்குவதற்கு முன்பே குழாயின் முனையையும் இறப்பர் வளையத்தையும் துடைத்து, வளையத்தின் உட்பக்கத்தில் சவர்க்கார நீர் தடவுங்கள். ஒருவர் கீழ்ப்பகுதியைத் தாங்க, மற்றவர் இடைவெளிக்குள் வெளிச்சம் அடித்துக் குழாய் வளையத்துக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். பிறகுதான் பற்களைத் தேட வேண்டும். பற்கள் பொருந்தாவிட்டால் பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் மேலே உள்ள ஃப்ளைவீல் என்ற கனத்த சில்லைக் கையால் மெல்ல, எஞ்சின் வழமையாகச் சுற்றும் பக்கமாகவே திருப்புங்கள். பொருந்தியதும் கீழ்ப்பகுதி கையழுத்தத்திலேயே மேலேறி மூடிக்கொள்ளும். விரல் நுழையும் இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்து மூடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். போல்ட் இழுக்கும் பலம் அலுமினிய உறையை வெடிக்கவைக்கும், அல்லது குழாயை நசுக்கும். கையால் மூடாதது எதுவும் போல்ட்டால் மூடப்படக் கூடாது.

சாஃப்டின் பற்களுக்குக் கிறீஸ் பூசும்போது பக்கங்களில் மட்டும் பூசுங்கள். உச்சியில் அப்பினால் கிறீஸ் மேலே அடைபட்டுச் சாஃப்டை முழுதாக ஏறவிடாது. போல்ட்டுகளுக்குக் கிறீஸ் கட்டாயம். உப்புக் கடலில் அலுமினியத்துக்குள் துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டைக் கிறீஸ் இல்லாமல் பூட்டினால் அடுத்த முறை அது கழலாது, முறியும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போகாமல் மாறி மாறி இறுக்குங்கள். உறையில் பூட்டியிருக்கும் நாகக் (சிங்க்) கட்டி கரைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது இல்லாவிட்டால் கடல் உறையை அரிக்கும்.

கியரைச் சோதிக்காமல் யாரும் எழுந்துவிடக் கூடாது. நியூட்ரலில் புரொப்பெல்லர் இரண்டு பக்கமும் தடையின்றிச் சுற்ற வேண்டும், முன் கியரில் பிடிக்க வேண்டும். கம்பி தவறிப் பொருந்தியிருந்தால் நியூட்ரல் என்று நினைத்து இழுக்கும் எஞ்சின் கியரில் கிளம்பும். எங்கள் கரையில் படகைத் தள்ளுகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கியர் ஒயிலைக் கீழ்த்துளையால் ஏற்றி, மேல்துளையால் வழியும்போது முதலில் மேல் ஆணியைப் பூட்டிப் பிறகு கீழ் ஆணியைப் பூட்ட வேண்டும். கழற்றும்போது வந்த பழைய ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் மாற்றாமல் புது ஒயில் ஊற்றி மூடுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும், உள்ளே குழாய் சரியாக இறங்கியதா என்பதற்கு ஒரே சாட்சி ஓட்டம். எங்கே ஓட்டிப் பார்ப்பது? இதுதான் எங்கள் பிரச்சினை. பெரும்பாலான திருத்தம் கரையிலேயே, படகிலேயே நடக்கிறது. பின்னேரம் தொழிலுக்குப் போக வேண்டும் என்று படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி அவசரப்படுத்துவார். பொழுது சாய்ந்துவிடும். திருத்துபவர் கைத்தொலைபேசியை வாயில் கடித்துக்கொண்டு வெளிச்சம் பிடிப்பார். கடைசிப் போல்ட்டை இறுக்கியதும் படகைத் தள்ளிவிடுவார்கள். எஞ்சினின் முதல் ஓட்டம் அலைக்குள் நடக்கிறது. அந்த இரைச்சலிலும் நுரையிலும் பக்கத்துத் துளையில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று யாரால் பார்க்க முடியும்?

தண்ணீர்ப் பீப்பாவில் ஓட்டலாமே என்பார்கள். சிறிய எஞ்சினுக்கு அது ஓரளவு சரி. 25, 40 குதிரைவலு எஞ்சின்களை ஒடுங்கிய பீப்பாவில் ஓட்டினால் தண்ணீர் கலங்கி வெளியே சிந்தும், புகைக்குமிழ்கள் பம்புக்குள் போகும், சூடாவதையும் சரியாகப் பார்க்க முடியாது. பம்பு இருக்கும் மட்டத்துக்கு மேலே தண்ணீர் நிற்க வேண்டும், அது ஓட்டத்தில் குறையவும் கூடாது.

ஆகவே என் கோரிக்கை இது. படகுகள் அதிகமுள்ள ஒவ்வோர் இறங்குதுறையிலும் ஒரு சீமெந்துத் தொட்டி கட்ட வேண்டும். எஞ்சினின் கீழ்ப்பகுதி அமிழ்ந்து, பக்கங்களில் நல்ல இடைவெளி இருக்கும் அளவு போதும். அதன் தலைப்பில் எஞ்சினைக் கொழுவி இறுக்கும் தடித்த பலகை ஒன்று. மேலே ஒரு கூரை, ஒரு மின்விளக்கு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல தங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கலாம். ஓர் எஞ்சினின் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு மிகச் சிறியது. ஒரு படகைத் தேடிப்போகும் மற்றப் படகுகள் எரிக்கும் எண்ணெயோடு ஒப்பிட்டாலும் அப்படித்தான்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கோடையில் குடிநீரையே பவுசரில் எதிர்பார்க்கும் கிராமங்கள் எங்களுக்கு உண்டு. தொட்டியில் கடல்நீரையே நிரப்பலாம், பம்பின் சோதனைக்கு அது போதும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில், எஞ்சின் சூடேறும்வரை ஓட்டுங்கள். பக்கத்துத் துளையில் நீர் தடைப்படாமல் பலமாக வர வேண்டும். சிலிண்டர்த் தலையில் கையைக் கிட்ட வைத்தால் சூடு அளவோடு இருக்க வேண்டும். நீர் விட்டுவிட்டு வந்தால், அல்லது ஆவியாக வந்தால், உடனே நிறுத்திக் கீழ்ப்பகுதியை மறுபடி கழற்றுங்கள். சோதனை முடிந்தபின் நன்னீர் கொஞ்சம் ஓடவிட்டு உப்பைக் கழுவினால் இன்னும் நல்லது.

தொட்டியோடு இன்னொன்றும் தேவை. சுனாமிக்குப் பிறகும், 2009 க்குப் பின் மீள்குடியேறிய காலத்திலும் எங்கள் மக்களுக்கு உதவியாக எஞ்சின்கள் கிடைத்தன. அவற்றோடு வந்த கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. படம் பார்த்துப் புரிந்துகொண்டோம், படத்தில் இல்லாததைக் கெட்டித்தனத்தால் ஊகித்தோம். எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, எந்த இடத்தில் எந்தக் கிறீஸ் என்பதெல்லாம் ஊகிக்கக் கூடியவை அல்ல. இங்கே பாவனையில் இருக்கும் யமஹா, சுசுகி எஞ்சின்களில் அதிகம் ஓடும் சில வகைகளுக்காவது, தண்ணீர்ப் பம்பு மாற்றும் பகுதியை மட்டும் தமிழில், பெரிய எழுத்தில், படங்களோடு அச்சிட்டுத் தொட்டியின் சுவரில் ஒட்ட வேண்டும். கிறீஸ் கையோடு புத்தகம் புரட்ட முடியாது, சுவரைப் பார்க்கலாம். கடற்றொழில் அதிகாரிகள் இதை ஒரு பெரிய திட்டமாக்கிக் காலம் கடத்தாமல், முல்லைத்தீவிலும் கிளிநொச்சியின் மேற்குக் கரையிலும் ஒவ்வோர் இடத்தில் உடனடியாகத் தொடங்கலாம்.

படகுச் சொந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். எஞ்சின் திருத்தியவரிடம் பழைய இம்பெல்லரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தண்ணீரில் ஓட்டிக் காட்டாமல் கூலி கொடுக்காதீர்கள். அவர் உங்கள் மச்சானாக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி. ஓட்டிக் காட்டச் சொல்வதை அவமதிப்பாக எடுக்கும் திருத்துநரிடம் அடுத்த முறை போகாதீர்கள்.

எந்தச் சங்கம் தொட்டி கட்ட முன்வந்தாலும், அளவு போட்டுத் தரவும் எஞ்சின் கொழுவும் பலகையைப் பொருத்தித் தரவும் நான் கூலி இல்லாமல் வருவேன். கொக்கிளாய் முதல் சுண்டிக்குளம் வரை எந்தக் கரையாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
படகு எஞ்சின் திருத்துநர்,
சிலாவத்தை, முல்லைத்தீவு.